ஒரு கையில் சங்கிலி, மறு கையில் பென்சில்

மலேசியாவில் எங்கள் ஊர்த் தோட்டக் கோயிலின் முன்மண்டபத்தைப் புதுப்பித்துக் குடமுழுக்கு நடத்தியபோது, வாசலின் வலப்பக்கச் சுவரில் ஒரு கருங்கல் பலகையைப் பதித்தார்கள். விழாவுக்கு வந்த டத்தோ, தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்தவர்கள், கடைசியாகக் கட்டட வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளர் என்று பத்தொன்பது பெயர்கள் அதில் பொன்னிறத்தில் இருக்கின்றன. அந்த மண்டபத்தின் வரைபடத்தை மூன்று மாதம் இரவு இரவாக உட்கார்ந்து வரைந்தவன் நான். என் பெயர் இல்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "கல்லுல எடம் பத்தலண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் செயலாளர். மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது அந்தக் குறையைச் சொல்வதற்காக அன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் வேலை தேடி அலைந்த ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் படித்தபோது அந்தக் கருங்கல் பலகை நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் குறை சிறியதாகவும் அவருடைய சிக்கல் நான் முதலில் நினைத்ததைவிட விசித்திரமானதாகவும் தெரிந்தது.

நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து, ஈப்போவில் ஒரு வரைபட அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டு டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டு நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் என்னை மன்ஹாட்டனின் தென்முனைக்கு அழைத்துப் போய் நியூயார்க் நகர மன்றக் கட்டடத்தைக் காட்டினாள். வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே ஒரு பூங்காவுக்குள், நடுவில் உயர்ந்த மாடமும் இருபுறமும் முன்னே நீண்ட சிறகுகளுமாக, வெள்ளையாக, இரண்டே மாடியில் நிற்கிறது அது. 1812 முதல் இன்றுவரை அதே வேலைக்கே பயன்படுகிற கட்டடம். அதை வரைந்தவர் நான் சொன்ன அந்தப் பிரெஞ்சுக்காரர் ஜோசஃப் பிரான்சுவா மாஞ்சான் என்றும், அவரோடு சேர்ந்து ஜான் மெக்கோம் என்றும் இப்போது எழுதுகிறார்கள். நீண்ட காலம் மெக்கோமின் பெயரை மட்டும்தான் எழுதினார்கள்.

மாஞ்சான் என்று நான் எழுதுவதும் ஓரளவுக்குத்தான் சரி. பிரெஞ்சுக்காரர்கள் அதை மூக்கால் முடிக்கிறார்கள். நியூயார்க்காரர்களோ எழுத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி படித்திருப்பார்கள். இதில் எனக்கு வியப்பில்லை. என் அப்பாவின் பெயர் தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் ஒரு விதமாகவும் அடையாளக் கார்டில் வேறு விதமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதியவர்கள் அவரைக் கேட்டு எழுதவில்லை.

1790களில் அமெரிக்காவின் துறைமுகங்களில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் வந்து குவிந்தார்கள். ஒரு பக்கம் பிரான்சின் புரட்சி; மறுபக்கம் கரிபியனில் பிரான்சின் பணக்காரக் குடியேற்றமான சான் டொமிங்கில் (இன்றைய ஹைட்டி) 1791இல் வெடித்த அடிமைகளின் எழுச்சி. 1793இல் அங்கே லெ காப் நகரம் எரிந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி பால்டிமோருக்கும் பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்த அலையில் நியூயார்க்கில் கரையேறியவர்களில் ஒருவர் மாஞ்சான். கையில் இருந்தது வரையும் திறமையும் நிலம் அளக்கும் திறமையும்.

அந்த நாட்டில் அப்போது கட்டடக்கலைப் பள்ளி என்று ஒன்று கிடையாது. அது 1860களில்தான் வந்தது. தச்சரும் கொத்தனாரும் இங்கிலாந்திலிருந்து வந்த மாதிரிப் புத்தகங்களைப் பார்த்து வீடு கட்டினார்கள். விரும்பிய எவரும் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். ஆகவே பாரிஸிலோ லண்டனிலோ பழகி வந்த ஒருவர் தம்மை விற்க வேண்டிய இடம் நாளிதழின் விளம்பரப் பத்தியும், பெரிய மனிதர்களின் சிபாரிசுக் கடிதமும், பரிசுப் போட்டியும்தான். பின்னாளில் வெள்ளை மாளிகையை வரைந்த அயர்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஹோபன்கூட 1785இல் பிலடெல்பியாவில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தவர்தான்: நேர்த்தியாகக் கட்ட விரும்பும் கனவான்களுக்கு நவீன ரசனையில் தச்சு வேலையும் மரவேலையும் செய்து தரத் தக்க ஒருவர் இருக்கிறார் என்பது அதன் சாரம்.

போட்டிகளோ இன்னும் கொடுமை. வாஷிங்டனில் கேப்பிட்டல் என்ற நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 1792இல் அறிவித்த பரிசு ஐந்நூறு டாலரும் ஒரு மனையும். வந்த வரைபடங்களில் முறையாகப் பயின்ற கை ஸ்டீஃபன் ஹாலெட் என்ற பிரெஞ்சுக்காரருடையது. காலம் கடந்து தம் வரைபடத்தை அனுப்பிய வில்லியம் தார்ன்டன் என்ற மருத்துவருக்குத்தான் பரிசு போயிற்று. அந்த மருத்துவரின் வரைபடத்தைக் கட்டக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையை ஹாலெட்டிடமே கொடுத்துவிட்டு, அவர் அதில் தம் கருத்தைப் புகுத்தினார் என்று 1794இல் விலக்கினார்கள். அடுத்து இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஜார்ஜ் ஹேட்ஃபீல்டு 1798இல் விலக்கப்பட்டார். வாஷிங்டன் நகரையே திட்டமிட்ட லான்ஃபான் அதற்கு முன்பே, 1792இல் வெளியேற்றப்பட்டார். 1825இல் அவர் இறந்தபோது விட்டுச் சென்ற பொருள்களின் மதிப்பு நாற்பத்தைந்து டாலர்.

நிலம் அளக்கிற வேலை அப்படியன்று. அந்த நாடு முழுவதும் மனைகளாக வெட்டி விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. மேற்கே காட்டு நிலத்தை ஆறு மைல் சதுரங்களாகப் பிரிக்கும் சட்டம் 1785இல் வந்தது. ஜார்ஜ் வாஷிங்டனே பதினேழு வயதில் சர்வேயராக வாழ்க்கையைத் தொடங்கியவர். மாஞ்சானும் நியூயார்க் நகரின் சர்வேயர்களில் ஒருவரானார். கிரீன்விச்சில் 1797இல் திறந்த மாநிலச் சிறைச்சாலை அவருடைய வரைபடம் என்று சொல்கிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய ஆர்க்கிடெக்ட் பெஞ்சமின் லட்ரோப்புக்கும் வர்ஜீனியாவில் கிடைத்த முதல் பெரிய வேலை சிறைச்சாலைதான். வந்தேறிகளிடம் முதலில் சிறை கட்டச் சொல்வதில் ஏதோ ஒரு நகைச்சுவை இருக்கிறது.

சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அது எனக்கு வீட்டில் கேட்டு வளர்ந்த கதை. அமெரிக்காவில் அளந்ததும் மலாயாவில் அளந்ததும் ஒரே சங்கிலிதான், கன்டர் என்ற ஆங்கிலேயர் வகுத்தது. அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணிகள். எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். இரு முனைகளிலிருந்தும் முதல் வில்லைக்கு ஒரு பல், இரண்டாவதற்கு இரண்டு பல், மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு நான்கு, நட்டநடுவே உள்ளது மட்டும் வட்டம். இந்தப் பற்கள் ஏன் என்று நான் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவைக் கேட்டேன். லாலான் புல்லுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் கண்ணி மறைந்து கிடக்கும்போது பார்க்க முடியாது, விரலால் தடவியே எத்தனையாவது கண்ணி என்று சொல்லிவிடலாம் என்றார். சொல்லிக்கொண்டே கட்டைவிரலைச் சுட்டுவிரலின் மேல் வைத்துத் தேய்த்துக் காட்டினார்; இல்லாத பித்தளையின் பற்கள் அந்த விரல்களுக்கு இடையில் இருந்தன.

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. அறுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்ற காலத்தில், பால்வெட்டும் மர வரிசையான நிரையை இழந்த பலரைப்போல் அவரும் கிடைத்த வேலைக்குப் போனார். கிடைத்தது, நிலம் அளக்க வந்த யாழ்ப்பாணத்துச் சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கிற வேலை. பாராங்கத்தியால் கோடு வெட்டிக்கொண்டே முன்னால் போவது, பின்முனையில் நிற்பவர் குரல் கொடுத்ததும் இழுத்துப் பிடிப்பது, இரும்பு ஊசியைக் குத்துவது. "இழுத்துப் பிடியும், நல்லா இழுத்துப் பிடியும்" என்று அந்தச் சர்வேயர் சொல்வதை அப்பா அதே ராகத்தில் சொல்லிக் காட்டுவார். பழைய சங்கிலி நாள்படத் தேய்ந்து நீண்டுவிடும் என்பதால், காலையில் வேலை தொடங்கும் முன் தரையில் அடித்து வைத்த இரண்டு முளைகளுக்கு நடுவே அதை வைத்துச் சரிபார்க்காமல் அந்த மனிதர் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாராம். நீண்டுபோன சங்கிலியால் அளந்தால் நிலம் கணக்கில் குறைந்துவிடும். நூறு கண்ணியிலும் ஒரு மயிரிழை தேய்மானம் சேர்ந்தால், ஒரு தோட்டத்தின் எல்லையைச் சுற்றி வருவதற்குள் அது ஒரு வீட்டு மனையாகிவிடும்.

அவர்கள் அளந்தது எங்கள் தோட்டத்தைத்தான். அப்பா பிடித்த சங்கிலி எங்கள் லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் நடுவே போயிற்று. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த எட்டுக் குடும்பங்கள் அடுத்த ஆண்டு அங்கே இல்லை. எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கப் புறப்பட்டது இந்தத் துண்டாடலைக் கண்டுதான். எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வந்த அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மாஞ்சானை வீழ்த்தியதும் ஒரு கோடுதான்.

1797இல் நியூயார்க்கின் மாநகர மன்றம், நகரத்தை முழுமையாக அளந்து ஒரு பெரிய வரைபடம் ஆக்கித் தரும்படி இருவரிடம் பொறுப்பைக் கொடுத்தது. ஒருவர் மாஞ்சான், மற்றவர் கேசிமிர் கோர்க். கோர்க் பழைய ஆள், சங்கிலிக்காரர். மன்ஹாட்டன் தீவின் நடுவே நகரத்துக்குச் சொந்தமாகக் கிடந்த பொதுநிலத்தை 1785லும் 1796லும் ஐந்தேக்கர் மனைகளாக அளந்து, இடையே நேர்ச்சாலைகளை விட்டவர் அவர்தான். அவர் விட்ட நடுச்சாலைதான் இன்றைய ஐந்தாம் அவென்யூ. இருவரும் சேர்ந்து செய்திருந்தால் அந்த வரைபடம் எப்படி வந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. ஆனால் 1798இல் நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவி ஏறக்குறைய இரண்டாயிரம் பேரைக் கொண்டுபோனது. அவர்களில் கோர்க்கும் ஒருவர். மீதி வேலை மாஞ்சானிடம் தனியாக வந்தது.

தனியாக வந்ததும் அவர் செய்த காரியம்தான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. தாம் தரப்போவது நகரம் இருக்கிறபடியான வரைபடம் அன்று, இருக்கப் போகிறபடியான வரைபடம் என்று அவர் மன்றத்துக்கே சொன்னார். சொன்னபடியே செய்தார். அப்போது அறுபதாயிரம் பேர் வாழ்ந்த, தீவின் தென்முனையில் கோணல்மாணலாக ஒட்டிக்கொண்டிருந்த ஊருக்கு வடக்கே, வயலும் சதுப்பும் பண்ணைகளுமாகக் கிடந்த நிலத்தின் மேல் நேரான வீதிகளை இழுத்தார். கரையோரத்தின் நெளிவுகளை நேராக்கினார்; ஆறு ஓடிக்கொண்டிருந்த இடத்தில் நிலம் நிரப்பியாகிவிட்டதுபோல் வீதி போட்டார். கிழக்கு ஆற்றின் ஓரமாகப் போட்ட அப்படியான வீதிகளில் ஒன்றுக்குக் கோர்க் என்று பெயர் வைத்தார், இன்னொன்றுக்குத் தம் பெயரையே வைத்தார். செத்துப்போன கூட்டாளிக்கு ஒரு வீதி கொடுத்ததை நான் மெச்சுகிறேன். தமக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டதையும், என் கருங்கல் பலகையை நினைத்துக்கொண்டு, குறை சொல்ல மாட்டேன்.

இதற்கு நடுவே வந்தது நகர மன்றக் கட்டடப் போட்டி. 1802இல் மெக்கோமோடு சேர்ந்து மாஞ்சான் அனுப்பிய வரைபடம் முந்நூற்றைம்பது டாலர் பரிசைப் பெற்றது. மெக்கோம் நியூயார்க்கில் பிறந்தவர், அப்பாவும் கட்டடக்காரர், அலெக்சாண்டர் ஹாமில்டனின் வீட்டையும் மொன்டாக் கலங்கரை விளக்கத்தையும் கட்டியவர், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகம். ஆனால் அவர் தனியாகக் கட்டியவற்றை இந்தக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த வரலாற்றாளர்கள், இதன் முகப்பு அவருடைய கையிலிருந்து வந்திருக்க முடியாது, பதினாறாம் லூயி காலத்துப் பிரான்சின் ரசனை அதில் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். ஒரே அலுவலகத்தில் நாலு பேர் வரைந்த தாள்களைக் கலந்து வைத்தாலும் எது யாருடையது என்று சொல்லிவிடுகிற எங்களுக்கு, இது நம்பக் கடினமான வாதம் அன்று. சன்னலுக்கு மேல் வளைவு எழும்பும் இடத்தில் பென்சில் எவ்வளவு தயங்குகிறது என்பதே ஒருவரின் கையெழுத்து.

தோற்றவர்களில் லட்ரோப்பும் இருந்தார். தம்மை வென்றது ஒரு நியூயார்க் கொத்தனாரும் ஒரு சான் டொமிங்கோ பிரெஞ்சுக்காரனும் சேர்ந்து செய்த கலவை என்று அவர் கசந்து எழுதினார். அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அவர் தாமே அமெரிக்க மண்ணை மிதித்து ஆறாண்டுதான் ஆகியிருந்தது. முன்னால் வந்த கப்பல்காரன் பின்னால் வந்த கப்பல்காரனை வந்தேறி என்று ஏசுவது எங்கள் ஊரிலும் உண்டு.

1803ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடக் கலைஞர் என்று மெக்கோமின் பெயர் இருந்தது; மாஞ்சானின் பெயர் இல்லை. போட்டிக்கு அனுப்பிய வரைபடத்திலிருந்தும் அவர் பெயர் அழிக்கப்பட்டிருப்பதாக வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். டிரேசிங் தாளில் மையால் எழுதிய பெயரை நாங்கள் எப்படி எடுப்போம் என்று எனக்குத் தெரியும். சவரப் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, மை மட்டும் உரியும்படி மெல்லச் சுரண்டி, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்துப் பளபளப்பாக்குவோம். நீலப்படி எடுத்தால் தெரியாது. ஆனால் மூலத் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் மெலிந்து, சற்று வெளுத்துத் தெரியும். எத்தனையோ தலைப்புக் கட்டங்களில் என் எழுத்துகளை அப்படி நானே சுரண்டியிருக்கிறேன், அலுவலக முதலாளி சொன்னதால்.

இங்கே மெக்கோமை ஒரு திருடனாக்கிவிட்டால் கதை எளிதாக முடியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கட்டடம் முடிய ஒன்பதாண்டு ஆயிற்று. நடுவில் செலவைக் கண்டு மிரண்ட மன்றம் அளவைக் குறைக்கச் சொல்லிற்று. முன்புறத்துக்கும் பக்கங்களுக்கும் மட்டும் மாசச்சூசெட்ஸ் சலவைக்கல், பின்புறத்துக்கு மலிவான பழுப்புக்கல் என்று சிக்கனம் பிடித்தது. கல்லும் ஆளும் பணமும் தட்டுப்பட்ட ஒவ்வொரு நாளும் களத்தில் நின்று பதில் சொன்னவர் மெக்கோம். உள்ளே வட்டமாக மிதந்து ஏறுகிற அந்தக் கல்படிக்கட்டு அவருடைய வேலை. எந்தக் கட்டடத்தின் கல்வெட்டிலும் பெயர் யாருக்குப் போகிறது என்றால், தினமும் காலையில் அங்கே நின்றவருக்கு. தாளைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு அன்று. எங்கள் கோயிலிலும் குத்தகையாளரின் பெயர் இருக்கிறது. அவர் ஒன்றரை ஆண்டு வெயிலில் நின்றார். நான் மூன்று மாதம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

மலாயாவிலும் இதே கதை பெரிய அளவில் ஒருமுறை நடந்தது. கோலாலம்பூரின் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு 1894இல் அடிக்கல் நாட்டி 1897இல் திறந்தார்கள். பொதுப்பணித் துறையின் நார்மன் பெயரில்தான் அது நெடுங்காலம் அறியப்பட்டது. அந்தக் குவிமாடங்களையும் வளைவுகளையும் வரைந்தவர் அவருக்குக் கீழே உதவியாளராக இருந்த பிட்வெல். அவர் திறப்பு விழாவுக்கு முன்பே சிங்கப்பூருக்குப் போய்விட்டார். போன இடத்தில் ரேஃபிள்ஸ் ஹோட்டலை வரைந்தார், பெயரும் பெற்றார். மாஞ்சானுக்கு அப்படி ஒரு சிங்கப்பூர் கிடைக்கவில்லை.

அடிக்கல் விழா முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, அடுத்த இடி விழுந்தது. பீட்டர் மேவரிக் செதுக்கிய செப்புத் தகட்டிலிருந்து மாஞ்சானின் பெரிய வரைபடம் அச்சாகி, மாநகர மன்றத்தின் ஆதரவோடு விற்பனைக்கு வந்த ஆண்டும் அதே 1803தான். அந்த ஆண்டின் இறுதியில் மன்றத்துக்கு விழிப்பு வந்தது. வரைபடத்தில் பிழைகள் இருக்கின்றன, நகரம் ஒப்புக்கொள்ளாத வீதிகள் இருக்கின்றன, நிலம் வைத்திருப்பவர்கள் இதை நம்பி ஏமாந்துவிடுவார்கள் என்று சொல்லி, வாங்குகிறவர்களுக்கு எச்சரிக்கை செய்யும் ஏற்பாட்டையும் செய்து, தானே கேட்டுப் பெற்ற வரைபடத்தைக் கைகழுவியது. இருக்கப் போகிறபடி வரைகிறேன் என்று அவர் முன்பே சொன்னபோது தலையாட்டிய மன்றம்தான் அது.

முதல்முறை படித்தபோது எனக்கு மன்றத்தின்மேல் கோபம்தான் வந்தது. பிறகு எங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. துண்டாடி விற்றவர்கள் ஈப்போவில் ஒரு கடையில் மாட்டி வைத்திருந்த வரைபடத்தில், இருபதடிச் சாலை ஒன்றும், அதன் முடிவில் பள்ளிக்கூட மனை என்று எழுதிய ஒரு சதுரமும் இருந்தன. அந்தச் சதுரத்தை நம்பி, சேமிப்பையெல்லாம் போட்டு அடுத்த மனையை வாங்கிய, தோட்ட மேற்பார்வையாளரான மண்டோர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தச் சாலை இன்றுவரை போடப்படவில்லை; பள்ளிக்கூட மனையில் செம்பனை நிற்கிறது. வரைந்தவர் ஏமாற்றுவதற்காக வரைந்தாரா, இப்படி வந்தால் நன்றாக இருக்கும் என்று வரைந்தாரா என்பது வாங்கினவருக்கு ஒன்றுதான். சர்வேயரின் தாளில் ஒரு கோடு இருந்தால் அது தரையிலும் இருக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் பட்டாவும் கடனும் வழக்கும் நிற்கின்றன.

ஆர்க்கிடெக்டின் தாளுக்கு நேர்மாறான நியாயம். அதில் இருக்கிற எதுவும் இன்னும் தரையில் இல்லை. இருந்தால் அவருக்கு வேலை இல்லை. இல்லாததை இருப்பதுபோல் வரைகிறவரை நல்ல ஆர்க்கிடெக்ட் என்கிறோம். சர்வேயர் அதையே செய்தால் அவருக்கு வேறு பெயர். மாஞ்சானுக்குச் சோறு போட்டது அளவைத் தொழில், அவருடைய கனவோ கட்டடத் தொழில். கோர்க் உயிரோடு இருந்தவரை ஒருவர் சங்கிலியையும் ஒருவர் பென்சிலையும் பிடித்திருக்க முடியும். காய்ச்சல் வந்த பிறகு இரண்டும் ஒரே மனிதரின் கைக்கு வந்தன. பென்சில் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆர்க்கிடெக்டாக அவர் நன்றாக வரைந்த முகப்பு இன்னொருவர் பெயரில் நின்றது. சர்வேயராக ஆசைப்பட்டு வரைந்த வரைபடம் அவர் பெயரிலேயே மறுக்கப்பட்டது.

அதன் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. மாட் வீதியில் கத்தோலிக்கர்கள் எழுப்பிய புனித பாட்ரிக் பேராலயம் அவருடைய வரைபடம். 1809இல் அடிக்கல், 1815இல் திருநிலைப்படுத்தல். அமெரிக்காவில் கோத்திக் பாணியை எடுத்தாண்ட முதல் தேவாலயங்களில் அதுவும் ஒன்று. 1866இல் தீப்பிடித்து மீண்டும் கட்டிய பிறகும் அது அங்கேயேதான் நிற்கிறது.

மன்ஹாட்டனின் புகழ்பெற்ற கட்டங்கட்டமான வீதி அமைப்பு 1811இல் மூன்று ஆணையர்கள் வெளியிட்ட திட்டம். நெடுக்கே பன்னிரண்டு அவென்யூ, குறுக்கே நூற்றைம்பத்தைந்து வீதி. அளந்தவர் ஜான் ராண்டெல் என்ற இளைஞர். அந்த ஆணையர்கள் வெறும் தாளிலிருந்து தொடங்கவில்லை. கோர்க் பொதுநிலத்தில் விட்ட சாலைகள் அவர்களுடைய அவென்யூக்களுக்கு முதுகெலும்பாயின. ஆணையர்களின் எல்லைக்குத் தெற்கே, தீவின் கீழ்க்கிழக்குப் பகுதியில், நகரம் வளர வளர, மன்றம் மறுத்த மாஞ்சானின் வீதிகள் பலவும் ஏறக்குறைய அவர் இழுத்தபடியே வந்தன. மண்ணை நிரப்பி ஆற்றைத் தள்ளிக் கரையையும் நேராக்கினார்கள்.

நகர மன்றக் கட்டடத்தின் சலவைக்கல் ஒன்றரை நூற்றாண்டில் அரித்துப் போய்விட்டதால், 1954இலிருந்து 1956க்குள் முகப்பு முழுவதையும் பெயர்த்துவிட்டு அலபாமாவிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல்லை அதே வடிவில் வெட்டிப் பதித்தார்கள். ஆகவே நான் பூங்காவில் நின்று பார்த்தது மெக்கோம் நிறுத்திய கல்லை அன்று. எவர் பெயரை வெட்டினாலும் வெட்டாவிட்டாலும், அந்த வளைவு எழும்பும் இடத்தில் தயங்கிய பென்சில் மட்டும் அப்படியே இருந்தது.

ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கிழக்கு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். கோர்க் வீதி இப்போது இல்லை. அரசு கட்டிய அடுக்ககங்கள் அதை விழுங்கிவிட்டன. மாஞ்சான் வீதியிலும் ஒரு துண்டுதான் மிச்சம். செங்கல் அடுக்ககங்களின் ஓரமாக, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. வீதியென்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. "இதைப் பாக்கவாப்பா இவ்வளவு தூரம்?" என்றாள் மகள். இருபத்தாறு தப்படி ஒரு சங்கிலி என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நடைபாதையின் ஓரத்தில் குதிகாலை ஊன்றி, முதல் தப்படியை எடுத்து வைத்தேன்.